பதம் பார்த்த வார்த்தைகள்

தூத்துக்குடியில் எந்த ஆபீஸில் நெட்வொர்க் வேலை என்றாலும் செண்பகவல்லி முதலில் கேபிளின் நுனியைத்தான் பிடுங்கிப் பார்ப்பாள். கடல்காற்று முதலில் வந்து உட்காருகிற இடம் அதுதான். ரெமிஜியுஸ் மச்சாடோவின் கட்டட ஆய்வு அலுவலகத்தில் அவள் பிடுங்கிய முதல் நுனியிலேயே பச்சை பூத்திருந்தது.

"எல்லாமே புதுசாத்தான் இழுக்கணும் சார். ஸ்விட்சும் மாத்தணும்."

"மாத்து," என்றார் ரெமிஜியுஸ். "எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மெயில் இந்த ரூமுக்குள்ள வரணும், இந்த ரூம்ல இருந்து போகணும். நடுவுல ஒருத்தன் கை படக்கூடாது."

அறுபதை நெருங்கும் மனிதர். கட்டட என்ஜினியர். கான்கிரீட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கடலோர ஊரில் கம்பி துருப்பிடிக்காத கட்டடம் அபூர்வம் என்பதால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. போன ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசி அடைமழையில் ராஜகனி அண்ணாச்சியின் ஐஸ் கம்பெனியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தூண்களோடு சரிந்து கீழே இறங்கியது. அடியில் ஐஸ் பாளம் ஏற்றிக்கொண்டிருந்த உத்தண்டராமன் என்கிற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் ரெமிஜியுஸ் அந்தத் தொட்டியை ஆய்வு செய்திருந்தார். 'தாங்கு தூண்களில் சில கவனிப்புகள் தேவைப்படலாம் என்றுதான் எனக்கு மெயில் வந்தது' என்றார் அண்ணாச்சி. 'தொட்டியை இன்றே காலி செய்யுங்கள், கீழே ஆளை நிறுத்தாதீர்கள் என்று நான் எழுதினேன், பதமி அதை மாற்றிவிட்டது' என்றார் ரெமிஜியுஸ். அரசாங்க விசாரணை நடந்துகொண்டிருந்தது.

பதமி வந்தபோது செண்பகவல்லி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மேலதிகாரியின் மெயிலைப் படித்துவிட்டு மாடியிலிருந்து குதித்தவர்கள், தூக்கில் தொங்கியவர்கள் என்று வரிசையாகச் செய்தி வந்த வருஷம் அது. மெயில் கம்பெனிகள்தான் பொறுப்பு என்று சட்டம் போட்டார்கள். கம்பெனிகள் நடுவில் பதமி என்கிற மென்பொருளை உட்கார வைத்தன. முதலில் அது கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்தது. பிறகு கோபத்தை எடுத்தது. பயமுறுத்தும் சொற்களும் மனதைக் கெடுக்கின்றன என்று ஆராய்ச்சி வந்தபோது அவற்றையும் எடுத்தது. எழுதுகிறவர் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். போய்ச் சேருவது பதமி மென்மையாக்கிப் பதம் போட்டதுதான். அனுப்பியவரின் பெட்டியிலும் பதம் போட்ட வடிவமே கிடக்கும். தன் கோபத்தைத் தானே திரும்பப் படிப்பதும் உடம்புக்கு ஆகாதாம். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. வழக்குகள் குறைந்தன, பிரிந்த குடும்பங்கள் பேசத் தொடங்கின. உலகம் கொஞ்சம் மரியாதையாகிவிட்ட மாதிரி எல்லோருக்கும் இருந்தது.

அலுவலகத்தை நிர்வாகம் செய்கிற பிரகாசி அக்காவுக்கு இந்தப் புது ஏற்பாடு பிடிக்கவில்லை. செண்பகவல்லி சுவரோரமாக வெள்ளைக் குழாயை அடித்து அதற்குள் கேபிளை இழுத்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னாலேயே நின்றாள்.

"ஊர் உலகமெல்லாம் கம்பெனி மெயில்ல இருக்கு. நமக்கு மட்டும் எதுக்குத் தனிச் சர்வர்?"

"இப்ப நம்ம மெயில் எல்லாம் கம்பெனிக்காரன் வீட்டுலதான்க்கா கிடக்கு. நாம அவன் வாசல்ல போய் நின்னு வாங்கிட்டு வாரோம். அவன் குடுக்கிறதுதான் மெயில். இந்தப் பெட்டி வந்துட்டா நேரா இங்கயே வந்து விழும்."

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பிஸ்கட் டின் அளவுதான். அலமாரியில் அதை வைத்து, கரண்ட் போனாலும் ஓட ஒரு யூபிஎஸ் மாட்டியிருந்தாள்.

"அதுக்கும் சார் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"எழுதின மூலத்தக் கம்பெனிக்காரன் அழிக்கிறதில்லக்கா. சீல் வச்சுப் பூட்டி வச்சிருக்கான். யாருக்கும் காட்டமாட்டான். ஆனா சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஒருத்தர் சொந்தமா சர்வர் போட்டு வெளியேறினா, அவரோட பழைய மெயில் எல்லாத்தையும் மூலத்தோட ஒப்படைச்சாகணும். அதுல சார் எழுதினது அப்படியே இருக்கும்ல."

பிரகாசி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என் சொந்த மெயிலும் ஆபீஸ் பெட்டிக்குத்தான் வருது. என் நாத்தனாரும் நானும் சொத்துத் தகராறுல மூஞ்சி முழிக்காம கிடந்தோம். பதமி வந்த பொறவுதான் ஒருத்திக்கொருத்தி எழுத ஆரம்பிச்சோம். இப்ப மாசம் ஒருக்க வீட்டுக்கு வாரா. அவ மூலத்துல என்ன எழுதியிருந்தாளோ. எனக்கு அது வேண்டாம் செண்பகம். என்னுத மட்டும் எடுக்காம விட முடியுமா?"

"விட்டுடுதேன்க்கா," என்றாள் செண்பகவல்லி. அப்படியே செய்தாள்.

சர்வரை ஓடவிடுவது சுலபம், மற்ற சர்வர்களை அதை நம்பவைப்பதுதான் பாடு. அலுவலகத்துக்கு மாறாத முகவரி ஒன்று வாங்கினாள். பெயரைப் பதிந்தாள். அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் இது இங்கிருந்துதான் வந்தது என்று கையெழுத்து விழும்படி செய்தாள். அப்படியும் பெரிய கம்பெனிகள் முதலில் வாங்கவே இல்லை. அனுப்பியதெல்லாம் குப்பைக்குப் போனது, இல்லையென்றால் திரும்பி வந்தது.

"புதுசா ஊருக்குள்ள வந்தவன் மாதிரிதான் சார்," என்று ரெமிஜியுஸிடம் சொன்னாள். "நாலு பேரு நம்மகிட்டப் பேசி, நாமும் பேசி, அப்புறந்தான் மத்தவன் நம்புவான். தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமா அனுப்புங்க. பதில் போடச் சொல்லுங்க."

அவர் தினமும் காலையில் உட்கார்ந்து தன் பழைய மாணவர்களுக்கும் மைத்துனருக்கும் நலம் விசாரித்து எழுதினார். மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன.

பதம் போடாமல் உள்ளே வந்த முதல் மெயில் வரைபடம் அச்சடிக்கும் கடைக்காரருடையது. பிரகாசிக்கு வந்தது. 'ஏம்மா, படத்தத் தப்புத் தப்பா அனுப்பிட்டுத் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போடச் சொல்ல, நான் என்ன வேலவெட்டி இல்லாதவனா?' என்று இருந்தது. சொந்தச் சர்வர் வைத்தவருக்குக் கம்பெனி இரண்டு வடிவத்தையும் அனுப்பியாக வேண்டும். கூடவே வந்த பதம் போட்ட வடிவத்தில், 'படங்களை ஒருமுறை சரிபார்த்து அனுப்பினால் மகிழ்வோம்' என்றிருந்தது.

பிரகாசியின் முகம் சுண்டிவிட்டது. "எத்தன வருஷமா மகிழ்வோம் மகிழ்வோம்னு எழுதினவன்," என்றாள்.  அப்புறம் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, பத்து நிமிஷம் சண்டை போட்டாள். போனை வைக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் தப்பு இருந்தது உண்மைதானாம்.

இதற்கிடையில் ரெமிஜியுஸுக்குப் போன்மேல் போன். பதமியை எடுக்கச் சொல்லிப் போராடுகிற சங்கத்தார் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பேசினார்கள். அந்த ஒரு மூலம் வெளியே வந்தால் சட்டமே ஆட்டம் காணும் என்றார்கள். உத்தண்டராமனின் மனைவி செல்லக்கனி ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து அவர் பக்கத்தில்தான் உட்காருவாள். 'சார் ஒருத்தர்தான் எங்களுக்காக நிக்காரு' என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தாள்.

பழைய மெயில்கள் வந்து இறங்க இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மூலத்துக்கும் பதம் போட்டதற்கும் எவ்வளவு மாற்றம் என்று ஒரு எண் இருந்தது. எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பது செண்பகவல்லியின் வேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்தாள்.

ஆரம்ப வருஷத்து மெயில்களில் ரெமிஜியுஸ் ஆளே வேறு. 'அந்த மாடியில் இனி ஒரு மூட்டை ஏற்றினால் உன்னை ஜெயிலில்தான் வந்து பார்ப்பேன்' என்று ஒரு கிடங்குக்காரருக்கு எழுதியிருந்தார். பதமி அதை முக்கால்வாசி மாற்றியிருந்தது. படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் மாற்றம் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைந்தது. கடைசி மூன்று நான்கு வருஷங்களில் எண் பூஜ்யம். மெயிலுக்கு மெயில் பூஜ்யம்.

மூலம் வரவில்லை, பதம் போட்டதையே இரண்டு தடவை அனுப்பிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். ஒவ்வொரு மூலத்தின் மேலும் இருந்த சீலைச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் விஷயம் அவளுக்கு உறைத்தது. பதமி கெட்டுப்போகவில்லை. அதற்குச் செய்ய வேலை எதுவும் இருக்கவில்லை.

ஐஸ் கம்பெனி மெயிலைத் திறந்தாள். 'மேல்தளத் தொட்டியின் தாங்கு தூண்களில் சில கவனிப்புகள் தேவைப்படலாம். தங்களுக்கு வசதியான நேரத்தில் பேசலாம்.' மாற்றம்: பூஜ்யம்.

ரெமிஜியுஸ் மாடியில் வரைபடங்களுக்கு நடுவே இருந்தார். எழுந்து போய்ச் சொல்லக் கால் வரவில்லை. இருந்த இடத்திலேயே புதுச் சர்வரில் அவருக்கு ஒரு மெயில் தட்டினாள். தட்டிவிட்டுப் படித்துப் பார்த்தாள்.

'சார், பழைய மெயில்களில் ஒரு சிறு விஷயம் கவனத்துக்கு வந்தது. வசதியான நேரத்தில் பேசலாம்.'

 இந்த அறைக்குள் பதமி இல்லை. அவளேதான் பிடுங்கி எறிந்தாள். அழித்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

"சார், நீங்க அண்ணாச்சிக்கு எழுதின மெயில் வந்திருச்சு. நீங்க அப்படி எழுதல. கவனிப்பு தேவைப்படலாம்னு எழுதினது நீங்கதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூலத்தையே மாத்தியிருப்பானுக."

"மாத்த முடியாது சார். நீங்க அனுப்பு பட்டன அமுக்கும்போதே அதுமேல சீல் விழுந்துரும். ஒரு எழுத்து மாறினாலும் சீல் உடையும். பாத்துட்டேன். உடையல."

"அம்மா, நான் அந்தத் தொட்டி மேல நின்னவன்," என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "சுத்தியல வச்சுத் தட்டினேன். மண்சட்டி மாதிரிச் சத்தம் வந்துச்சு.  வீட்டுக்குக்கூடப் போகல, நேரா இங்க வந்து உக்காந்து எழுதினேன். 'இன்னைக்கே காலி பண்ணுங்க'ன்னு எழுதினேன். அந்த வார்த்த எனக்குக் கண்ணு முன்னால நிக்குது."

அவள் போனில் மெயிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். பேச்சுக் கேட்டு மேலே வந்த பிரகாசி கதவருகே நின்றாள்.

போனை அவளிடம் நகர்த்திவிட்டு ரெமிஜியுஸ் சொன்னார். "என் நடைதான். 'தங்களுக்கு'ன்னு போடுறது நான்தான்."

"சார்..."

"ஆரம்பத்துல காட்டமாத்தான் எழுதுவேன். பதில் வரும், 'தங்கள் ஆலோசனைக்கு நன்றி'ன்னு. எவனும் பதறல. எப்படி எழுதினாலும் அதே நன்றிதான். அப்புறம்..." நிறுத்தினார். "அப்புறம் எப்ப விட்டேன்னு தெரியல செண்பகம். மனசு கத்தினதக் கை எழுதிருச்சுன்னே நெனச்சிட்டேன்."

பிரகாசி உள்ளே வந்தாள். "சார், நான் ஒண்ணு சொல்லுதேன். இது நம்ம பெட்டி. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத்தான் தெரியும். வரலைன்னு சொல்லிருங்க. பதமி கெட்டதுதான, நீங்க சொன்னதுல என்ன பொய்? உங்க கையையே மாத்திருச்சே அது. இத வெளிய சொன்னா, பாத்தியா, நாங்க ஒண்ணும் மாத்தலன்னு கம்பெனிக்காரன்லா கொண்டாடுவான்?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் செண்பகவல்லிக்கும் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ரெமிஜியுஸ் வரைபடங்களைச் சுருட்டி வைத்தார். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே போன் செய்தார். "செல்லக்கனி வீட்டுக்குப் போகணும். கூட வாறியா?"

திரேஸ்புரத்தில் கடற்கரைக்குப் போகிற சந்தில் அவள் வீடு. செல்லக்கனி காய்ந்த பூக்களுக்குச் சாயமேற்றி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். விரல் நுனிகளில் ஊதாவும் மஞ்சளும் போகாமல் தங்கியிருந்தன. வாசலில் அவரைக் கண்டதும் அவசரமாக இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். குடிக்கக் கலர் வாங்கிட்டு வாரேன்."

"வேண்டாம்மா. அந்த மெயில் விஷயமா ஒரு சின்ன மறுபரிசீலனை தேவைப்படுது."

"சரிங்க சார்."

"எங்க தரப்புலயும் சில குறைபாடு இருந்திருக்கலாம்னு தோணுது."

"அதனால என்ன சார், மனுசந்தான. நீங்க எங்களுக்காக எவ்வளவு அலையுதீங்க."

"சில விஷயங்கள் நாம நெனச்ச மாதிரி அமையல..."

செல்லக்கனி தலையாட்டிக்கொண்டே கலர் வாங்கக் காசை எடுத்தாள். அவளுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. செண்பகவல்லிக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டியது இல்லை.

"நேரா சொல்லுங்க சார்," என்றாள் செண்பகவல்லி.

ரெமிஜியுஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாய் திறந்து மூடியது. நெற்றியில் வேர்த்துவிட்டது. முழங்காலில் அடிபட்டவன் முதல் அடி வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அம்மா, பதமி ஒண்ணும் மாத்தல. தொட்டி விழும்னு எனக்குத் தெரியும். நான் எழுதல."

செல்லக்கனி காசைக் கையில் வைத்தபடி நின்றாள். "தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

"மேல நின்னப்பவே."

"அப்ப அவரு எங்க நின்னாரு?"

"கீழ. ஏணியப் பிடிச்சிட்டு நின்னாரு. நான் எறங்கும்போது, 'பாத்து சார், படி வழுக்கும்'னு சொன்னாரு."

"அவரு உங்களுக்குச் சொல்லிருக்காரு," என்றாள் செல்லக்கனி. "உங்களுக்கு வாய் இல்லையா?"

"மெயில்ல எழுதுறதுதான் முறைன்னு..."

அதற்கு மேல் அவரை அவள் பேசவிடவில்லை. பிறகு அந்தச் சந்தில் கேட்ட வார்த்தைகளைச் செண்பகவல்லி எத்தனையோ வருஷமாகக் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி செல்லக்கனியைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதறினாள். என் பக்கத்துலயே வந்து உக்காந்தியே பாவி, என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சியே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ரெமிஜியுஸ் நகரவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கண்ணீர் அவர் தாடையில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

குரல் கம்மி அவள் சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி, வேறு ஒரு குரலில் கேட்டாள்.

"வேற எங்கெங்க இப்படி எழுதி வச்சிருக்கீரு?"

செண்பகவல்லி திடுக்கிட்டு ரெமிஜியுஸைப் பார்த்தாள். இந்தக் கேள்வி அதுவரை அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பூஜ்யம் பூஜ்யமாக வரிசையில் நின்ற அத்தனை மெயிலும் அவள் கண்முன் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கட்டடம். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆட்கள்.

"நெறைய இருக்கும்மா," என்றார் அவர்.

"அப்ப இங்க என்னத்துக்கு நிக்கீரு?" என்றாள் செல்லக்கனி. "போம்."

விசாரணையில் அவர் எல்லாவற்றையும் சொன்னதும், ஆய்வு உரிமத்தை இழந்ததும், எங்கள் சேவையில் எந்தக் குறையும் இல்லை என்று மெயில் கம்பெனி மகிழ்ச்சியோடு அறிக்கை விட்டதும், சங்கத்தார் அவரோடு பேச்சை நிறுத்தியதும் பிறகு வந்தவை. அன்றைக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. சந்து முனையில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, செண்பகவல்லி எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.

"இன்னைக்கு முகூர்த்தம்லா?" என்றார் பின்னால் இருந்து. "பைபாஸ் ரோட்டுல ஒரு மண்டபம் இருக்கு. உள்ள மூணு பக்கமும் பால்கனி. போன வருஷம் பாத்தேன். விட்டத்துல கம்பி வெளிய தெரிஞ்சது. அதுக்கும் கவனிப்புன்னுதான் எழுதினேன். வேகமாப் போ."

மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. தாலி கட்டி முடிந்து, மேடையில் யாரோ வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்கனி முழுக்க ஆட்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ரெமிஜியுஸைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்க சார். உங்க மெயில் வந்துச்சு சார். சொன்ன மாதிரியே கவனிச்சிட்டோம். பால்கனிக்கு நல்லா ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சாச்சு. பந்தி ஆரம்பிச்சிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும்."

ரெமிஜியுஸ் அண்ணாந்து பார்த்தார். சந்தன நிறப் பெயிண்ட் வழுவழுவென்று இருந்தது. நேரே மேடைக்குப் போய், வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தவரிடம் கை நீட்டி மைக்கை வாங்கினார். இவரும் வாழ்த்தத்தான் வந்திருக்கிறார் என்று அவரும் கொடுத்துவிட்டார்.

"அனைவருக்கும் வணக்கம். பால்கனியில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள், தங்களுக்கு வசதிப்பட்டால், சற்றுக் கீழே வந்து..."

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். மேலே யாரும் அசையவில்லை. ஒரு பெண் குழந்தையைத் தூக்கி, மணப்பெண்ணைக் காட்டிக் கைப்பிடி மேல் நிறுத்தினாள்.

செண்பகவல்லி கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்களை மூடித் திறந்தார். மைக்கை மேடையில் வைத்துவிட்டார்.

"ஏல, கீழ எறங்குங்கல! அது நிக்காது! எல்லாரும் எறங்குங்க, பால்கனி விழுந்துரும்!"

பேச்சுச் சத்தம் நின்றது. மொத்த மண்டபமும் அவரைப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் போலிருந்த ஒருவர் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். பித்தான் தெறித்தது.

"நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்த பேசுத? யாருவே நீ?"

"இந்தப் பால்கனியப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைங்கிற மாதிரி எழுதிக் குடுத்தவன்," என்றார் ரெமிஜியுஸ். "நான்தான்."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த மனிதரும் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

மேலே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கைப்பிடியில் நிறுத்திய குழந்தையை அந்தப் பெண் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். செண்பகவல்லி ஓடிப்போய் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, முண்டாமல் ஒவ்வொருவராக வரச் சொன்னாள். பட்டுப்புடவைகளைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். வேட்டிகள் இறங்கின. இறங்கியவர்கள் பாதிப்பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். கிறுக்குப்பய என்றார் ஒருவர். ரெமிஜியுஸ் பித்தான் இல்லாத சட்டையோடு மேடையில் நின்று, கடைசி ஆள் கீழே வரும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பால்கனி விழவில்லை. மேனேஜர் மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அடுத்து எங்க சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"தண்ணி ஒரு வாய் குடிச்சிக்கிடுதேன்," என்றார் அவர். அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது.